பட்டாணி துரத்துவதை நிறுத்தியபோது

முப்பத்தோரு வருஷம் பி.டி. வாத்தியாராக இருந்து, ஆயிரக்கணக்கான பிள்ளைகளை வெயிலில் வரிசை கட்டி, குடியரசு தினத்துக்கு ஒருதரம் சுதந்திர தினத்துக்கு ஒருதரம், மேடையில் நிற்கிற பெரிய மனுஷர்கள் மெச்சும்படி அசையாமல் நிறுத்திக் காட்டிய தவசிமுத்து ஆகிய நான், ஓய்வு பெற்ற நாலாவது மாசம் ஒரு நாட்டு நாயிடம் தோற்றுக்கொண்டிருந்தேன் என்றால் நீங்கள் சிரிப்பீர்கள். சிரியுங்கள், ஊரே சிரித்து முடித்துவிட்டது, உங்களை மட்டும் நான் என்ன சொல்ல.

நாய்க்குப் பட்டாணி என்று பெயர் வைத்தது என் மனைவி சண்முகவடிவு. குட்டியில் உருண்டையாக இருந்ததாம், வைத்துவிட்டாள். வளர்ந்த பிறகு அது ஓடியது, எது நகர்ந்தாலும் ஓடியது, கோழி நகர்ந்தால் கோழிக்குப் பின்னால், ஆடு நகர்ந்தால் ஆட்டுக்குப் பின்னால், மினிபஸ் வந்தால் அதன் பின்சக்கரத்துக்குப் பின்னால், ஒன்றும் வராத மத்தியானத்தில் காற்றில் போகிற பிளாஸ்டிக் பைக்குப் பின்னால், அதுவும் இல்லையென்றால் மேகத்தின் நிழலுக்குப் பின்னால் கண்மாய்க்கரை வரைக்கும் ஓடி, நிழல் தண்ணீருக்குள் இறங்கிவிட்டதென்று கரையில் நின்று அரைமணி நேரம் வைதுவிட்டுத் திரும்பி வரும். நெடுஞ்சாலையில் கொடுக்காப்புளி விலக்கில் இறங்கி எங்கள் ஊருக்குள் வர ஒரே ரோடுதான், அது எங்கள் வாசலை உரசிக்கொண்டுதான் போகிறது, ஆகையால் ஊரில் நகர்கிற எதுவும் பட்டாணியின் பல்லுக்குத் தப்பி நகர்ந்ததில்லை.

ஒருநாள் மினிபஸ் ஓட்டுகிற அந்தோணிச்சாமி, அவனும் என்னிடம் முட்டி போட்டுப் படித்தவன்தான், பட்டாணி குறுக்கே பாயவும் பிரேக்கை மிதித்துவிட்டான். பஸ்ஸுக்குள் ஆட்டுக்காரப் பேச்சியம்மாளின் முட்டைக்கூடை கவிழ்ந்தது. அவள் மஞ்சள் கரு ஒழுகுகிற சேலையோடு நேராக என் வாசலுக்கு வந்தாள்.

"சாரு, ஊர்ப்பட்ட பிள்ளைகள அடக்குனீக. ஒத்த நாய அடக்க ஏலலையாக்கும்?"

அன்றைக்கே பெட்டியின் அடியிலிருந்து விசிலை எடுத்தேன்.

முட்டை மட்டும்தான் காரணமா என்றால் இல்லை, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த வாரம்தான் தலைமை ஆசிரியர் பதவி உயர்வுப் பட்டியலில் சண்முகவடிவின் பெயர் வந்திருந்தது. அவள் கணக்கு டீச்சர். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒருதரம் வந்தபோது, "குடும்பச் சூழ்நிலை காரணமாக" வேண்டாமென்று உரிமை விட்டு எழுதிக் கொடுத்தாள். அந்தக் கடிதத்தை அழகான கையெழுத்தில் எழுதியது நான், அந்தக் குடும்பச் சூழ்நிலையும் நான்தான். எனக்குக் காபி போடத் தெரியாது, அதை ஒரு தகுதியாகவே வைத்திருந்தேன். இப்போது அவளுக்கு ஐம்பத்தேழு வயசு, இதை விட்டால் இனி எச்.எம். நாற்காலி கிடையாது, போகவேண்டிய ஊர் சின்னமலைக்குன்று, பஸ்ஸில் இரண்டரை மணி நேரம், அங்கேயே வீடு பிடித்துத் தங்க வேண்டும். நான் போகாதே என்று சொல்லவில்லை. நொண்ட மட்டும் ஆரம்பித்தேன், அதுவும் அவள் பார்க்கிறபோது மட்டும்.

ஆக, வீட்டில் ஒருத்தி கிளம்பப் போகிறாள், அவளை நிறுத்த எனக்கு வாய் வரவில்லை, கையில் விசில் இருக்கிறது, எதிரில் நாய் இருக்கிறது. பயிற்சி தொடங்கிவிட்டது.

முதல் வாரம் பட்டாணியைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு, கோழி கண்ணுக்குத் தெரிகிற ஆனால் எட்டாத தூரத்தில் நின்றேன். அதன் காது நிமிர்ந்ததும் விசில், "அட்டென்ஷன்!" கோழியை விட்டு என் முகத்தைப் பார்த்தால் ஒரு துண்டு பொறை ரொட்டி. இரண்டாவது வாரம் பத்தடி கிட்டே. மூன்றாவது வாரம் ஆடு, சைக்கிள், மினிபஸ். டீக்கடை முகைதீன் பாய் கடையில் பொறை தீர்ந்து வர்க்கி வாங்கினேன், வர்க்கி தீர்ந்து ரஸ்க் வாங்கினேன், நாய் ஒரு சுற்றுப் பெருத்தது. சண்முகவடிவு வாசலில் கீரை ஆய்ந்தபடி பார்த்துக்கொண்டே இருப்பாள்.

"நிக்கச் சொல்லிக் குடுத்தாச்சு. போகச் சொல்லிக் குடுத்தீங்களா?"

"அதெல்லாம் தானா வரும் டீச்சர்."

நான் அவளை வீட்டிலும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவது. தானா வரும் என்று நான் நம்பியதற்கும் காரணம் உண்டு. முப்பத்தோரு வருஷத்தில் ஒருநாள்கூட நான் பிள்ளைகளைக் கலைந்து போகச் சொன்னதில்லை. நிறுத்துவேன், நிற்பார்கள், பியூன் மணி அடிப்பார், கலைந்துவிடுவார்கள். நிறுத்துவது என் வேலை, அனுப்புவது மணியின் வேலை.

இருபத்திரண்டாம் நாள் காலையில் பேச்சியம்மாளின் சாம்பல் நிறக் கோழி வாசலில் குறுக்கே ஓடியது. கயிறு இல்லை. பட்டாணி காதைத் தூக்கியது, விசில் ஊதினேன், அப்படியே குண்டியைத் தரையில் வைத்து நிமிர்ந்து உட்கார்ந்து என் முகத்தைப் பார்த்தது, எனக்குக் கண் கலங்கிவிட்டது. திரும்பிப் பார்த்தால் கோழியும் நின்றிருந்தது. ஒரு கால் தரையில், ஒரு கால் அந்தரத்தில், கழுத்து முன்னால். பேச்சியம்மாள் வந்து தூக்கிப் பார்த்தாள், தரையோடு வேர் பிடித்த மாதிரி வரவில்லை. "ஏ கோழி, வாறியா இல்லையா?" என்று கேட்டாள். கோழி கொக்கரித்தது, வரவில்லை. அன்று சாயங்காலம் நின்ற இடத்திலேயே ஒரு முட்டை போட்டது.

"நடக்காட்டிப் போகுது, முட்டை போடுதுல்லா," என்று சொல்லிவிட்டுப் பேச்சியம்மாள் முட்டையை முந்தானையில் முடிந்துகொண்டு போனாள்.

மறுநாள் அவளுடைய பதினாலு ஆடுகள் வாசலுக்கு வந்து நின்றன, அதற்கு மறுநாள் மினிபஸ் வந்து நின்றது, இன்ஜின் உறுமுகிறது, சக்கரம் சுற்றுகிறது, பஸ் நகரவில்லை, உள்ளே இருந்தவர்கள் கால்மணி நேரம் உட்கார்ந்து பார்த்துவிட்டு இறங்கி நடந்தார்கள், அதற்குப் பின்னால் வந்த சைக்கிள் நின்றது, மொபெட் நின்றது, சுவரில் அணில் நின்றது, பிளாஸ்டிக் பை காற்றில் இடுப்பு உயரத்தில் நின்றது, பட்டம் வானத்தில் நின்றது. பட்டாணி எதையெல்லாம் துரத்தியிருக்குமோ அதெல்லாம் அது துரத்தாததால் நின்றது, எதைத் துரத்தாதோ அது பாட்டுக்குப் போனது, ஆகையால் நடந்து போகிறவர்களுக்கு ஒரு குறையும் இல்லை. ஐந்தாம் நாள் ஒரு மேகத்தின் நிழல் எங்கள் வாசலுக்கு வந்து நின்றுவிட்டது. அண்ணாந்து பார்த்தால் மேலே மேகமும் நின்றிருந்தது.

கொளுத்துகிற வெயிலில் ஊருக்கே ஒரே நிழல் எங்கள் வாசல் என்றானதும் ஊர் அங்கே குடிவந்துவிட்டது. முகைதீன் பாய் பாய்லரைத் தூக்கிக்கொண்டு வந்து பஸ் பக்கத்தில் வைத்தார். பஸ்ஸின் கூரையில் பெண்கள் மோர்மிளகாய் காயப் போட மேகத்தின் நிழல் இடைஞ்சலாக இருந்ததால், பஸ்ஸைப் பத்தடி தள்ளி நிறுத்தக்கூடாதா என்று என்னிடமே கேட்டார்கள். ஆட்டை மேய்ச்சலுக்குக் கூட்டிப் போவதற்குப் பதில் குழையை ஆட்டுக்குக் கொண்டு வருவது முழங்காலுக்கு நல்லது என்று பேச்சியம்மாள் கண்டுபிடித்தாள். மாப்பிள்ளை கார் ஒன்று வந்து நின்றபோது, முகூர்த்தம் தப்பக்கூடாதென்று பெண்ணை நடத்திக் கூட்டிவந்து எங்கள் கேட்டில் வைத்தே தாலி கட்டினார்கள், நான்தான் அட்சதை எடுத்துக் கொடுத்தேன். பஞ்சாயத்துத் தலைவி ஜெயக்கொடி வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, ஐந்து வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்த வேகத்தடை இனி இந்த ஊருக்குத் தேவைப்படாது என்று தீர்மானம் போட்டாள்.

நானா? நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரிந்தேன். பக்கத்து ஊர்க்காரர்கள் தங்கள் நாயைக் கயிற்றில் பிடித்துவந்து, "சாரு, இதையும் ஒரு கை பாருங்க" என்றார்கள். எப்படி நடந்தது என்று யாரும் கேட்கவில்லை, தவசிமுத்து சார் நிறுத்தினார், நின்றது, அவ்வளவுதான். விடுவிக்கத் தெரியுமா என்றும் யாரும் கேட்கவில்லை. கேட்கிற ஒருத்தி வீட்டுக்குள் பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள், ஏனென்றால் உத்தரவு வந்துவிட்டது, வெள்ளிக்கிழமை முற்பகலுக்குள் பணியேற்க வேண்டும்.

வியாழக்கிழமை காலையில் கையில் பெட்டியோடு கிளம்பினாள். விலக்குக்கு நடந்து போய் எட்டரை மணி பஸ்ஸைப் பிடிப்பதாகத் திட்டம். நான் வாசலில் நொண்டிக்கொண்டு நின்றேன். கேட்டைத் திறந்து வலது காலை ரோட்டில் வைத்தாள், இடது கால் வரவில்லை.

"என்னங்க, காலு வரலை."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. பட்டாணி மனுஷரைத் துரத்தாது என்று ஊரே சொல்லும், அது சரியில்லை, ஒரே ஒரு மனுஷியைத் துரத்தும், அதுவும் அவள் கையில் பெட்டி இருந்தால் மட்டும். குடை எடுத்தால் பள்ளிக்கூடம், பை எடுத்தால் காய்கறி, பெட்டி எடுத்தால் டீச்சர் போகப்போகிறாள் என்று அதற்குத் தெரியும். அவள் தன் தங்கச்சி வீட்டுக்குப் போகிறபோதெல்லாம் விலக்கு வரைக்கும் அழுதுகொண்டே பின்னால் ஓடும். இப்போது அதுவும் நிமிர்ந்து உட்கார்ந்து என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது, பொறைக்கு.

சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். போகாதே என்று நான் சொல்லவில்லை, மூட்டு வலி என்றுகூட வாய்விட்டுச் சொல்லவில்லை, அவள் தானாகவே என் வாசலில் நிற்கிறாள், இதில் என் தப்பு என்ன இருக்கிறது? முகைதீன் பாயிடம் டீ வாங்கி அவள் கையில் கொடுத்தேன். கையும் வாயும் அசைந்தன. ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரை என்னிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"நாளைக்கு மத்தியானத்தோட போச்சுங்க," என்றாள். "இனி கேட்டாலும் தரமாட்டாங்க."

என் சந்தோஷம் அங்கேயே செத்தது. வெட்கம் என்றால் என்ன என்று எனக்கு அறுபது வயசில் தெரிந்தது.

ஊர் கூடியது. பெட்டியை வாங்கிப் பார்த்தார்கள், கால் வரவில்லை. நாலு பேர் தூக்கிப் பார்த்தார்கள், வரவில்லை. பட்டாணியைக் கொண்டுபோய்க் கொல்லையில் கட்டினார்கள், அங்கேயும் நிமிர்ந்து உட்கார்ந்ததே தவிர இங்கே எதுவும் நகரவில்லை, திரும்பக் கூட்டிவந்தார்கள். பள்ளிக்கூடப் பதிவேட்டை இங்கே வரவழைத்து டீச்சர் நின்றபடியே கையெழுத்துப் போட்டால் என்ன என்று ஜெயக்கொடி கேட்டாள்.

"பதிவேடு பள்ளிக்கூட வாசலைத் தாண்டாதும்மா," என்றாள் சண்முகவடிவு. அந்த நிலைமையிலும் அவள் விதியை விட்டுக்கொடுக்கவில்லை.

சரி, நாயை ஓட வைப்போம் என்றார்கள். முகைதீன் பாய் பூனையைக் கொண்டு வந்து விட்டார், பட்டாணி என்னைப் பார்த்தது. ஆட்டெலும்பை எறிந்தார்கள், என்னைப் பார்த்தது. பழைய பியூனைக் கூட்டிவந்து மணி அடித்தோம், கூட்டத்தில் இருந்த என் மாணவர்கள் நாலைந்து பேர் பழக்கதோஷத்தில் கலைந்து போனார்கள், பட்டாணி போகவில்லை. நான் விசில் ஊதினேன், இன்னும் நிமிர்ந்தது. "ஓடு!" என்றேன். "ஓடுடா, துரத்துடா, என் ராசா!" வாலை ஆட்டியது.

"நீங்க ஒருநாளும் அதைச் சொன்னதில்லையே, அதுக்கு எப்படித் தெரியும்?" என்றாள் சண்முகவடிவு.

பிறகு அந்தோணிச்சாமிக்கு ஒரு யோசனை வந்தது, நாய் துரத்தாவிட்டால் நாம் துரத்துவோம் என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தன் பஸ்ஸுக்குப் பின்னால் குரைத்துக்கொண்டு ஓடினான். பஸ் நகரவில்லை. பேச்சியம்மாள் ஆடுகளுக்குப் பின்னால் குரைத்தாள், ஜெயக்கொடி தலைவி என்பதையும் மறந்து மொபெட்டுக்குப் பின்னால் குரைத்தாள், ஊரே குரைத்தது, பக்கத்து ஊரில் கதவைச் சாத்திக்கொண்டார்களாம். ஒன்றும் நகரவில்லை. தொண்டை கட்டியதுதான் மிச்சம்.

வெள்ளிக்கிழமை விடிந்து மணி ஏழரை ஆனது. இரவெல்லாம் நின்றவளுக்குக் கால் வலிக்கவில்லையாம், ஆனால் முகம் ஒரே நாளில் வாடிப் போயிருந்தது. நான் அவளுக்கு முன்னால் போய் நின்றேன். என்ன பேசுவதென்று தெரியாமல், "டிபன் வாங்கிட்டு வரட்டா?" என்றேன்.

"சார்," என்றாள். கோபம் வந்தால்தான் அவள் என்னைச் சார் என்பாள். "நாய் நிறுத்தலை. நீங்க நிறுத்துனீங்க. மூணு வருஷத்துக்கு முந்தியும் நீங்கதான். நீங்கதான் துரத்தணும்."

"நானா? இம்புட்டுப் பேரு முன்னாடியா? என் முட்டி..."

"உங்க முட்டி நான் பார்த்தா மட்டும்தான் நொண்டும்."

ஊர் முழுக்க அங்கேதான் இருந்தது. நான் முட்டி போட வைத்தவர்கள், வெயிலில் நிறுத்தியவர்கள், "நாய்க்குப் பிறந்தவனே" என்று நான் திட்டியவர்களும்கூட. நான் வேட்டியை மடித்துக் கட்டினேன். அவளுக்குப் பின்னால் நாலடி தள்ளிப் போய் நின்றேன். வாயைத் திறந்தேன், முதலில் இருமல்தான் வந்தது. இரண்டாவது தரம், "லொள்."

"பலமா, சார்!" என்று அந்தோணிச்சாமி கத்தினான். நான் அவனிடம் எத்தனை தரம் அதைச் சொல்லியிருக்கிறேன்.

"லொள்! லொள்! லொள்!" என்று குரைத்துக்கொண்டு ஓடினேன், மானம் மரியாதை, ஓய்வூதியம், நல்லாசிரியர் விருதுக்கு ஒருதரம் சிபாரிசு ஆனது, எல்லாவற்றையும் வாசலில் போட்டுவிட்டு என் பெண்டாட்டிக்குப் பின்னால் ஓடினேன், அவளுடைய இடது கால் தரையை விட்டு எழும்பியது. அவள் பெட்டியும் கையுமாக நடந்தாள். அவளுக்குப் பின்னால் நான் ஓட, கோழி அந்தரத்தில் இருந்த காலை ஊன்றி ஓடியது, பதினாலு ஆடும் ஓடின, மினிபஸ் டிரைவர் இல்லாமலே கிளம்ப அந்தோணிச்சாமி அலறிக்கொண்டு அதைப் பிடிக்க ஓடினான், பை பறந்தது, பட்டம் அறுந்தது, மேகம் விலகி வெயில் பளீரென்று அடித்தது. அப்போது பட்டாணி எழுந்தது. ஒரு மாசத்துக்குப் பிறகு அது முதன்முதலாகத் துரத்தியது என்னைத்தான், வேட்டி நுனியைப் பல்லில் பிடித்துக்கொண்டு விலக்கு வரைக்கும் கூடவே வந்தது.

பாதி வழியில், கண்மாய் மதகுக்குப் பக்கத்தில், என் வலது முட்டி நிஜமாகவே பிடித்துக்கொண்டது. நான் மெதுவானேன். எனக்கு முன்னால் அவளும் மெதுவானாள். அப்போது எனக்கு ஒன்று தெரிந்துபோனது. இங்கே நான் நின்றால் அவளும் நிற்பாள், மணி எட்டே கால், பஸ் போய்விடும், அறுபது வயசுக் கிழவனின் முட்டியை ஊரில் ஒருத்தர்கூடக் குறை சொல்லமாட்டார்கள். அவள் திரும்பிப் பார்த்தாள். ஓடுங்கள் என்று சொல்லவில்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் நான் எழுதிய கடிதத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முந்தியும் இப்படித்தான் ஒருதரம் என்னைப் பார்த்தாள், நான் அன்றைக்குப் பேனாவை நீட்டினேன்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே குரைத்தேன். எது குரைப்பு எது அழுகை என்று எனக்கே தெரியவில்லை, ஆனால் ஓடினேன்.

எட்டரை மணி பஸ் வந்தது, ஏறினாள், ஜன்னலோரம் உட்கார்ந்தாள். கண்டக்டர் விசில் கொடுத்தார், நான் பஸ்ஸுக்குப் பின்னாலும் குரைத்துக்கொண்டு ஓடி அது வளைவில் மறைகிறவரை விரட்டினேன். மறைந்த பிறகுதான் பயம் வந்தது. நான் நின்றால் அது எங்கே போய் நிற்கும்? எத்தனை மைலுக்கு என் நிறுத்தம் செல்லுபடியாகும் என்று யாருக்குத் தெரியும்? நடுக்காட்டில் அவள் கால் மறுபடி வராமல் போய்விட்டால்? அதனால் விலக்குக்குத் திரும்பி வந்து, பிள்ளைகளுக்கு முதல் பாடமாகச் சொல்லிக் கொடுக்கிற நின்ற இடத்து ஓட்டத்தை ஆரம்பித்தேன். ஒன், டூ, ஒன், டூ. பட்டாணி கொடுக்காப்புளி மரத்தடியில் படுத்துத் தூங்கிவிட்டது.

ஒன்பது மணிக்கு முகைதீன் பாய் வந்து டம்ளரை என் வாயில் பிடித்தார், ஓடிக்கொண்டே குடித்தேன். பத்து மணிக்கு அந்தோணிச்சாமி பஸ்ஸை விலக்கில் நிறுத்திவிட்டுத் துண்டால் விசிறினான். நெடுஞ்சாலையில் போகிற லாரிக்காரர்கள் வேகத்தைக் குறைத்துப் பார்த்தார்கள், "ஒண்ணுமில்ல, வாத்தியார் வீட்டம்மா பணியேற்கப் போயிருக்காக," என்று பேச்சியம்மாள் அவர்களிடம் சொன்னாள், அவர்களும் சரிதான் என்று தலையாட்டிவிட்டுப் போனார்கள். பதினோரு மணிக்குப் பிறகு எனக்குக் கால் இருக்கிறதா என்றே தெரியவில்லை.

பதினொன்றரைக்கு என் போன் அடித்தது. அந்தோணிச்சாமி எடுத்து என் காதில் வைத்தான்.

"கையெழுத்துப் போட்டாச்சுங்க," என்றாள். பின்னால் பிள்ளைகள் சத்தம் கேட்டது. "என்ன இப்பிடி மூச்சு வாங்குது? இன்னுமா ஓடுறீங்க?"

"ஆமா டீச்சர்."

"ஐயோ! போதும், நில்லுங்க!"

"நீ உக்காந்துட்டியா?"

"எங்கே?"

"எச்.எம். நாற்காலியில."

அந்தப் பக்கம் ஒரு நாற்காலி இழுபடுகிற சத்தம் கேட்டது.

"உக்காந்துட்டேன்," என்றாள்.

அதற்குப் பிறகுதான் நான் ரோட்டோரத்தில் உட்கார்ந்தேன்.